ஒரே பள்ளம், இரண்டு விட்டம்: மோதல் பள்ளங்களை அளந்து வயது சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

பிறைநோக்கி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கடந்த சில வாரங்களாக, நிலவைச் சுற்றிவரும் எல்.ஆர்.ஓ. விண்கலத்தின் குறுங்கோணக் கேமரா எடுத்த படங்களில் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, அதிலுள்ள மோதல் பள்ளங்களை நானே குறித்து வருகிறேன். ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ அரை மீட்டரைக் காட்டும் படங்கள் அவை. நான் தேர்ந்தது கருமையான எரிமலைக் குழம்புச் சமவெளி ஒன்று. அதே இடத்துக்கு இரண்டு படங்கள் கிடைத்தன. ஒன்றில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 10 பாகை உயரத்திலும், மற்றொன்றில் ஏறத்தாழ 60 பாகை உயரத்திலும் இருந்தது.

முதல் படத்தில் ஒரு பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வட்டம் வரைந்தபோது விட்டம் 240 மீட்டர் வந்தது. மறுநாள் இரண்டாம் படத்தில் அதே பள்ளத்துக்கு 262 மீட்டர் வந்தது. கை தவறியிருக்கலாம் என்று நினைத்து முதல் படத்தையே மீண்டும் அளந்தேன், அப்போது 246. இதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. சூரியன் தாழ்ந்திருந்த படத்தில் நான் குறித்த பள்ளங்களில் மூன்றில் ஒரு பங்கை, சூரியன் உயர்ந்திருந்த படத்தில் தேடியும் காண முடியவில்லை.

ஒரே தரை, ஒரே கண், இரண்டு விடைகள். இந்த எண்ணிக்கையிலிருந்துதான் ஒரு நிலப்பரப்பு எத்தனை கோடி ஆண்டு பழையது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள் என்றால், அவர்கள் இந்தத் தடுமாற்றத்தை எப்படிக் கையாளுகிறார்கள்?

கருங்கல்

நல்ல கேள்வி, அதைவிட, ஒரே பள்ளத்தை இரண்டு முறை அளந்து பார்த்தது நல்ல பழக்கம். ஒருமுறை அளந்து கிடைத்த எண்ணை உண்மை என்று எடுத்துக்கொள்பவர்களே மிகுதி.

முதலில், நீங்கள் எந்தக் கோட்டை அளந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். மோதல் பள்ளம் தரையில் துளைத்த ஓட்டை போன்றதன்று. அதன் சுற்றிலும் தரை மேல்நோக்கி மடிந்து, உள்ளிருந்து வீசப்பட்ட பொருளும் அதன்மேல் படிந்து, ஒரு வரம்பு எழும்பி நிற்கும். அந்த வரம்பின் உச்சிக்கோட்டைத்தான் விட்டத்துக்குரிய விளிம்பாகக் கொள்வது வழக்கம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒரு பக்கச் சுவர் நிழலில் மூழ்கும், எதிர்ப்பக்கச் சுவர் ஒளிரும். இரண்டுக்கும் எல்லையாக உச்சிக்கோடு தெளிவாகத் தெரியும். சூரியன் உயர்ந்துவிட்டால் மேடுபள்ளம் மறைந்து, பொருளின் வெளுப்பும் கருமையும் மட்டுமே கண்ணில் படும். பள்ளத்தைச் சூழ்ந்த வெளிர்நிறச் சிதறல் விளிம்புக்கு வெளியேயும் பரவியிருப்பதால், கை தானாகவே வட்டத்தைப் பெரிதாக வரையும். உங்கள் 262 அப்படி வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே பள்ளங்களை எண்ணுவதற்குச் சூரியன் தாழ்ந்திருக்கும் படம் வேண்டும். டைக்கோ பள்ளத்திலிருந்து புறப்படும் வெண்கதிர்களைப் போன்ற, நிறத்தால் மட்டுமே தெரியும் அடையாளங்களைத் தேடுவதற்குச் சூரியன் உச்சியில் இருக்கும் படம் வேண்டும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் நீங்கள் கண்டது போன்ற குழப்பம்தான் வரும். இரண்டு வேறு இடங்களை ஒப்பிடும்போது இரண்டிலும் சூரியனின் உயரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணத் தொடங்கவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். படத்தில் அது கீழிருந்து வந்தால் பள்ளமெல்லாம் குன்றாகத் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

தொலைவிழி

கருங்கல் அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒளியையே நம்பாத வழியும் இருக்கிறது. அதே எல்.ஆர்.ஓ. கலத்தில் உள்ள லோலா என்ற லேசர் உயரமானி, 2009 முதல் தரையை நோக்கி ஒளித்துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு உயரத்தை அளந்தது. நிழலோ நிறமோ அதற்குத் தடையில்லை. நிலவின் தென்துருவத்தில் உள்ள, 21 கி.மீ. அகலமும் 4 கி.மீ.க்கு மேல் ஆழமும் கொண்ட ஷாக்கிள்டன் பள்ளத்தின் அடித்தளத்தில் சூரிய ஒளி விழுவதே இல்லை. ஆனாலும் அதன் உள்வடிவம் நமக்கு நன்றாகத் தெரிந்ததற்கு இந்த லேசரே காரணம். செவ்வாயில் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தின் மோலா என்ற லேசர் உயரமானி இதே வேலையை அதற்கு முன்பே செய்தது.

ஆனால் லேசர் புள்ளிகளுக்கு இடையே இடைவெளி உண்டு. பல கி.மீ. அகலமுள்ள பள்ளத்துக்கு அது பொருட்டன்று. 240 மீட்டர் பள்ளத்துக்கு ஒருசில புள்ளிகளே விழுந்திருக்கலாம். அந்த அளவில் நீங்கள் படத்தைத்தான் நம்ப வேண்டும்: ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களை இணைத்து உயர வரைபடம் செய்யலாம், இல்லையென்றால் நிழலை அளக்கலாம்.

அளவன்

நிழல் முறையை அப்படியே சொல்லித் தருகிறேன், பிறைநோக்கி. உங்கள் தாழ்சூரியப் படத்தை எடுத்து, அந்த 240 மீட்டர் பள்ளத்தில் நிழலைத் தரும் விளிம்பிலிருந்து நிழலின் முனை வரை, சூரியனின் திசையிலேயே அளந்து பாருங்கள். அந்த நீளத்தை, சூரியனின் உயரக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பால் பெருக்கினால், விளிம்பிலிருந்து நிழல்முனை விழுந்த இடம் எவ்வளவு தாழ்வு என்பது கிடைக்கும். நிழல் எத்தனை மீட்டர் வருகிறது என்று இங்கே எழுதுங்கள்.

பிறைநோக்கி

உடனே அளந்தேன். நிழலின் முனை ஏறத்தாழ பள்ளத்தின் நடுவில் விழுகிறது. நீளம் 120 மீட்டர். 10 பாகையின் டேஞ்சன்ட் 0.176. பெருக்கினால் 21 மீட்டர் வருகிறது. இதை ஆழம் என்று கொள்ளலாமா?

அளவன்

கொள்ளலாம். நிழல்முனை நடுவில் விழுந்தது உங்கள் நல்வாய்ப்பு. அது சுவரிலேயே நின்றிருந்தால் கிடைத்திருப்பது சுவரின் ஒரு பகுதியின் உயரம் மட்டுமே. பலர் அதை ஆழம் என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது 21ஐ 240ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.09க்குச் சற்றுக் குறைவு. அண்மையில் தோன்றிய, சில கி.மீ. அகலமுள்ள எளிய கிண்ணப் பள்ளத்தின் ஆழம் அதன் விட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். சில நூறு மீட்டர் அளவிலான சிறு பள்ளங்களில் அதைவிடச் சற்றுக் குறைவாகவே தொடங்கும். உங்களுடையது அதற்கும் கீழே இருக்கிறது என்றால் அது பழைய பள்ளம். நுண்கற்கள் இடைவிடாது விழுந்து வரம்பைத் தேய்த்து, தேய்ந்த மண்ணை உள்ளே நிரப்பி, பள்ளத்தைத் தட்டையாக்கியிருக்கின்றன. காற்றும் நீரும் இல்லாத நிலவில் இந்தத் தேய்மானம் மிக மெதுவாக நடக்கிறது, ஆனாலும் நிற்பதில்லை. விளிம்பு மழுங்கிய பள்ளம் என்பதால்தான் உங்களுக்கு 240, 246, 262 என்று மூன்று எண்கள் வந்தன. புதிய பள்ளமாக இருந்திருந்தால் மூன்றும் நெருங்கி வந்திருக்கும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். 240க்கும் 262க்கும் உள்ள வேறுபாடு 9 விழுக்காடு. கேட்கச் சிறியதாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பள்ளங்களையும் ஒரே பக்கமாக 10 விழுக்காடு பெரிதாக அளப்பவர் ஒருவர் இருந்தால், அவர் சொல்லும் வயது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

பிறைநோக்கி

10 விழுக்காடு எப்படி 33 ஆகிறது? தயவுசெய்து விரித்துச் சொல்லுங்கள்.

அளவன்

விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் பள்ளக் கணக்கின் உயிர்நாடி இதுதான்.

விண்வெளியில் சுற்றும் கற்களில் பெரியவை சில, சிறியவை மிகப் பல. ஆகவே ஒரு நிலப்பரப்பில் குறிப்பிட்ட விட்டத்துக்கு மேற்பட்ட பள்ளங்கள் எத்தனை என்று எண்ணினால், விட்டம் சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை செங்குத்தாக ஏறும். நிலவில் சில நூறு மீட்டர் அளவை ஒட்டி, அந்த எண்ணிக்கை தோராயமாக விட்டத்தின் மும்மடிக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுகிறது. விட்டத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகும். இப்போது ஒருவர் எல்லா விட்டங்களையும் 1.1 மடங்காக அளந்தால், உண்மையில் 500 மீட்டருக்குக் கீழ் இருந்த பல பள்ளங்கள் 500க்கு மேற்பட்டவையாகப் பதிவாகும். எவ்வளவு கூடும்? 1.1இன் மும்மடி 1.33. அதாவது எண்ணிக்கை 33 விழுக்காடு கூடுகிறது.

அடுத்த படி, எண்ணிக்கையை வயதாக மாற்றுவது. இதற்கு அடித்தளம் அப்பல்லோ, லூனா பயணங்கள் கொண்டுவந்த கற்கள். அந்தக் கற்களின் வயதைக் கதிரியக்கச் சிதைவின் மூலம் ஆய்வகத்தில் அளந்தார்கள். அவை கிடைத்த இடங்களில் ஒரு சதுர கி.மீ.க்கு எத்தனை பள்ளங்கள் என்று எண்ணினார்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். ஜெர்மன் கோள் ஆய்வாளர் கெர்ஹார்ட் நோய்கம் (Neukum) உள்ளிட்டோர் அந்தப் புள்ளிகள் வழியே வரைந்த வளைகோடுதான் இன்றும் பெரும்பாலோர் கையில் உள்ள அளவுகோல். கடந்த 300 கோடி ஆண்டுகளுக்கு அது ஏறத்தாழ நேர்கோடு: மோதல்கள் சீரான வேகத்தில் நடந்தன என்று பொருள். அதற்கு முன்னால் போகப் போக வளைகோடு மிக விரைவாக மேலேறுகிறது. அக்காலத்தில் கற்கள் மழையாகப் பொழிந்தன.

இதனால் ஒரு விந்தை நேர்கிறது. 100 கோடி ஆண்டுப் பழைமையான தரையில் எண்ணிக்கை 33 விழுக்காடு பிசகினால், நீங்கள் 133 கோடி என்று எழுதுவீர்கள். 390 கோடி ஆண்டுப் பழைய தரையில் அதே பிசகு நேர்ந்தாலோ, வயது 4 அல்லது 5 கோடி ஆண்டு அளவே மாறும். பழைய நிலங்களின் வயதை நாம் துல்லியமாகச் சொல்வதும், நடுவயது நிலங்களில் தடுமாறுவதும் இந்த வளைவினால்தான்.

அந்த நடுவயதுப் பகுதியில் நெடுங்காலம் கல்லே இல்லை. அப்பல்லோ கொண்டுவந்த குழம்புப் பாறைகளில் பெரும்பாலானவை 300 கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை. அதற்கு அடுத்த நங்கூரம் கோப்பர்நிக்கஸ் பள்ளத்தின் சுமார் 80 கோடி ஆண்டு. இடையில் வெறும் கோடு. 2020 டிசம்பரில் சீனாவின் சாங்-இ 5 அந்த வெற்றிடத்தை நோக்கியே இறங்கி, 1,731 கிராம் மாதிரியைக் கொண்டுவந்தது. அந்த இடத்துக்கு முன்பே வெளியாகியிருந்த எண்ணிக்கை வயதுகள் ஒன்றுக்கொன்று பல பத்துக் கோடி ஆண்டுகள் வேறுபட்டன. கல்லின் வயது 203 கோடி ஆண்டு என்று வந்தபோது, வளைகோடு அங்கே பெரிதாகப் பிசகவில்லை என்பது தெரிந்தது. அந்த முடிவைப் படித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

மணற்பரப்பு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இத்துறைக்குப் புதியவன். இந்தப் பள்ளங்களெல்லாம் மோதலால்தான் வந்தன, எரிமலை வாய்கள் அல்ல என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? கற்கள் சாய்வாகவும் விழுமே; அப்படியிருக்க எல்லாப் பள்ளங்களும் ஏன் வட்டமாக இருக்கின்றன?

கருங்கல்

மன்னிப்பு வேண்டியதில்லை, நண்பரே. இதே கேள்வி அறிவியலாளர்களை முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் சுற்றவிட்டது.

வட்டத்துக்கு விடை வேகத்தில் இருக்கிறது. சேற்றில் எறிந்த கல் சேற்றைத் தள்ளிக்கொண்டு போகும். பாதை சாய்வாக இருந்தால் குழியும் நீளும். வினாடிக்குப் பதினைந்து, இருபது கி.மீ. வேகத்தில் வரும் விண்கல் அப்படித் தள்ளிக்கொண்டு போவதில்லை. தொட்ட கணத்தில் அதிர்ச்சி அலையொன்று கல்லுக்குள்ளும் தரைக்குள்ளும் பாய்கிறது. கல் பெரும்பாலும் உருகியும் ஆவியாகியும் போய்விடுகிறது. அந்த ஆற்றல் ஒரு புள்ளியிலிருந்து வெடித்தது போல எல்லாத் திசையிலும் விரிந்து தரையைத் தோண்டுகிறது. ஆகவே பள்ளம் வட்டமாகவே அமைகிறது. தரையோடு தரையாக, ஏறத்தாழ 15 பாகைக்கும் குறைவான சாய்வில் வந்தால்தான் நீள்வட்டம் உருவாகும்.

இந்த உண்மை தெரியாததால் மிகச் சிறந்தவர்களும் வழுக்கி விழுந்தார்கள். அமெரிக்க நிலவியலாளர் ஜி. கே. கில்பர்ட், அரிசோனாவில் உள்ள 1.2 கி.மீ. பள்ளத்தை 1891இல் ஆராய்ந்தார். அடியில் பெரிய இரும்புக்கல் புதைந்திருந்தால், வரம்பில் குவிந்த மண்ணின் கனஅளவு குழியின் கனஅளவைவிட மிகுந்திருக்க வேண்டும், காந்தஊசியும் விலக வேண்டும் என்று தெளிவாக யோசித்தார். அளந்தார்; இரண்டும் இல்லை. எனவே அது நீராவி வெடிப்பு என்று முடிவுசெய்தார். அதே மனிதர் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நிலவின் பள்ளங்கள் மோதலால் வந்தவை என்று வாதிட்டு எழுதினார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அவருடைய அளவீட்டில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்த கல் ஏறத்தாழ 50 மீட்டர் மட்டுமே இருந்திருக்கும் என்றும், அதில் பெரும்பகுதி சிதறி ஒழிந்திருக்கும் என்றும் அந்நாளில் யாருக்கும் தெரியாது. பின்னால் வந்த சுரங்கப் பொறியாளர் டேனியல் பாரிங்கரும் அந்த இல்லாத இரும்பைத் தேடிப் பல ஆண்டுகள் துளையிட்டார்.

வழக்கு தீர்ந்தது 1960இல். நிலவியலாளர்கள் எட்வர்ட் சாவோ, யூஜின் ஷூமேக்கர் ஆகியோர் அந்தப் பள்ளத்தின் மணற்கல்லில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டார்கள். குவார்ட்ஸ் மிகக் கடுமையான அழுத்தத்தில் மட்டுமே அந்த வடிவத்தை எடுக்கும். எரிமலை வாயின் மேற்பரப்பில் அந்த அழுத்தம் கிடைக்காது. அதே ஆண்டில் ஜெர்மனியின் ரீஸ் பள்ளத்திலும் அது கிடைத்தது.

நான் மாணவனாக இருந்தபோது, மோதல் பள்ளம் ஒன்றின் பாறைச்சீவலை முதன்முதலாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 30 மைக்ரோமீட்டர் தடிமனுக்குத் தேய்க்கப்பட்ட சீவல். சாதாரணக் குவார்ட்ஸ் மணிகளுக்கு நடுவே ஒரு மணியில் மட்டும் சீப்பால் வாரியது போல நேரான இணைகோடுகள். மேடையைச் சற்றுத் திருப்பினால் அவற்றைக் குறுக்கே வெட்டும் இன்னொரு கோட்டுத் தொகுதி. அக்கோடுகள் உருவாக, வளிமண்டல அழுத்தத்தைப்போல ஒரு லட்சம் மடங்கு வேண்டும். புவியில் உறுதிசெய்யப்பட்டுள்ள ஏறத்தாழ 200 மோதல் அமைப்புகளில் பலவற்றுக்கு இத்தகைய மணிகளே சான்று. மகாராஷ்டிரத்தின் லோனார் பள்ளம் பசால்ட் என்ற எரிமலைக் குழம்புப் பாறையில் அமைந்தது. அதில் குவார்ட்ஸ் கிடையாது. அங்கே சாட்சி சொன்னது மாஸ்கலினைட்: ஃபெல்ட்ஸ்பார் கனிமம் உருகாமலே, அதிர்ச்சியால் மட்டும் கண்ணாடியாக மாறிய வடிவம். நிலவின் கருஞ்சமவெளிகளும் பசால்ட்தான் என்பதால், லோனார் கோள் ஆய்வாளர்களுக்கு மிகவும் வேண்டிய இடம்.

தொலைவிழி

மீண்டும் எண்ணிக்கைக்கு வருவோம். அளவன் அவர்கள் சொன்ன கணக்கு, நீங்கள் எண்ணுவதெல்லாம் விண்ணிலிருந்து நேராக விழுந்த கற்களின் பள்ளம் என்று வைத்துக்கொள்கிறது. அப்படி வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு பெரிய மோதல் தோண்டியெறியும் பாறைத் துண்டுகள் மேலே போய்த் திரும்ப விழுந்து, தாங்களே பள்ளங்களைத் தோண்டுகின்றன. இவற்றை இரண்டாம்நிலைப் பள்ளங்கள் என்கிறோம். செவ்வாயில் சூனில் என்ற, 10 கி.மீ. அகலமே உள்ள பள்ளத்தை ஆல்ஃபிரட் மெக்யூவனும் குழுவினரும் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். அந்த ஒரே மோதல், 10 முதல் 200 மீட்டர் வரையிலான ஏறத்தாழ ஒரு கோடி இரண்டாம்நிலைப் பள்ளங்களை உண்டாக்கியிருக்கும் என்பது அவர்களுடைய கணிப்பு. ஒரே நாளில் ஒரு கோடி பள்ளங்கள்! அவை விழுந்த தரையை எண்ணும் ஒருவர், அத்தனையையும் கோடிக்கணக்கான ஆண்டுகளின் சேமிப்பாக அல்லவா எடுத்துக்கொள்வார்? சிறு பள்ளங்களை மட்டும் எண்ணி, ஒரு சில சதுர கி.மீ. தரைக்கு வயது சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கருங்கல்

எச்சரிக்கை சரியானது, ஆனால் முடிவு சற்றுக் கடுமையாக இருக்கிறது. இரண்டாம்நிலைப் பள்ளங்கள் மெதுவாக விழுந்த துண்டுகளால் வருகின்றன. ஆகவே ஆழம் குறைவு, வடிவமும் ஒழுங்காக இருக்காது. தாய்ப்பள்ளத்தை நோக்கிய வரிசைகளாகவும் கொத்துகளாகவும் கிடக்கும். அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே மீன்முள் போன்ற வரப்புகள் தெரியும். பழகிய கண் இவற்றை ஒதுக்கிவிடும்.

தொலைவிழி

தாய்ப்பள்ளத்தின் அருகில் உள்ளவற்றை ஒதுக்கிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெடுந்தொலைவு போய் விழுவது வேகமான துண்டு, அது வட்டமான பள்ளத்தையே தோண்டும், தனித்தும் விழும். அதைப் பழகிய கண்ணும் பிரித்தறியாது. அங்கேதான் நாம் உண்மையில் மாறுபடுகிறோம்.

கருங்கல்

ஆம், அந்த இடத்தில் என்னிடம் முழுமையான விடை இல்லை. அதனால்தான் நான் ஒரு கி.மீ.க்கு மேற்பட்ட பள்ளங்களையே நாடுகிறேன்.

மணற்பரப்பு

மற்ற கோள்களில் எப்படி எண்ணுகிறார்கள்?

அளவன்

ஒவ்வோர் உலகும் ஒவ்வொரு விதத்தில் தொல்லை தரும். வெள்ளியில் மேகம் முழுவதையும் மூடியிருப்பதால் மகெல்லன் விண்கலம் 1990 முதல் 1994 வரை ரேடாரால் துழாவியது. கோள் முழுவதற்கும் ஆயிரத்தை ஒட்டிய பள்ளங்களே கிடைத்தன. சிறு கற்கள் அடர்ந்த வளிமண்டலத்திலேயே நொறுங்கிவிடுவதால், சில கி.மீ.க்குக் குறைந்த பள்ளங்கள் ஏறக்குறைய இல்லை. செவ்வாயில் ஸ்டூவர்ட் ராபின்ஸும் பிரையன் ஹைனெக்கும் 2012இல் வெளியிட்ட பட்டியலில் ஒரு கி.மீ.யும் அதற்கு மேலும் விட்டமுள்ளவை 3,84,343. பின்னர் ராபின்ஸ் நிலவுக்கும் அப்படியொரு பட்டியலைத் தந்தார். அதில் ஒரு கி.மீ.க்கு மேற்பட்டவை மட்டும் ஏறத்தாழ 13 லட்சம். ஒவ்வொரு விளிம்பையும் மனிதக் கை சுற்றி வரைந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பள்ளத்தின் வடிவமும் ஈர்ப்பைப் பொறுத்து மாறும். நிலவில் 15 முதல் 20 கி.மீ. வரை எளிய கிண்ணம். அதற்கு மேல் சுவர் படிப்படியாகச் சரிந்து, நடுவே சிகரம் எழும். ஈர்ப்பு மிகுந்த புவியில் அந்த மாற்றம் 2 முதல் 4 கி.மீ. அளவிலேயே நேர்ந்துவிடுகிறது.

பிறைநோக்கி

எண்ணும் வேலையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டால் என் கைநடுக்கம் தீராதா?

தொலைவிழி

நடுக்கம் தீரும், ஒரே பக்கமாகப் பிசகும் சாய்வு தீராது. கற்றுக்கொடுத்த மனிதர் எந்தக் கோட்டை விளிம்பென்று காட்டினாரோ, நிரல் அதையே விளிம்பென்று எடுத்துக்கொள்ளும். ஒரே படத்தைப் பல வல்லுநர்களிடம் கொடுத்து எண்ணச் செய்த சோதனையில், அவர்களுடைய எண்ணிக்கைகளே கணிசமாக வேறுபட்டன.

ஆனால் மாற்றத்தைக் கண்டுபிடிப்பதில் கணினி மிகவும் பயன்படுகிறது. எல்.ஆர்.ஓ. ஒரே இடத்தை ஒரே வெளிச்சத்தில் வெவ்வேறு காலங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, அது சுற்றத் தொடங்கிய பின் தோன்றிய 222 புதிய பள்ளங்களை 2016இல் அறிவித்தார்கள். எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகுதி. 2013 மார்ச் 17 அன்று புவியிலிருந்து ஓர் ஒளிக்கீற்றாகப் பதிவான மோதலின் 18 மீட்டர் பள்ளத்தையும் அப்படித்தான் தேடிப் பிடித்தார்கள். செவ்வாயில் 2021 டிசம்பர் 24 அன்று இன்சைட் கலத்தின் நிலநடுக்கமானி ஓர் அதிர்வைப் பதிவுசெய்தது. சுற்றுக்கலப் படங்களில் தேடியபோது, 150 மீட்டர் அகலப் புதுப்பள்ளமும், அதைச் சுற்றிச் சிதறிக்கிடந்த பனிக்கட்டிகளும் தெரிந்தன. விழுந்த நேரம் தெரிந்த பள்ளம் கிடைப்பது எங்களுக்குப் பெரும்பேறு.

அளவன்

பிறைநோக்கி, உங்களிடம் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் எண்ணியவற்றில் பெரும்பாலானவை என்ன அளவு?

பிறைநோக்கி

20 முதல் 150 மீட்டர். 240 மீட்டர்தான் அதில் பெரியது.

அளவன்

அப்படியானால் ஒரு கடினமான செய்தி. 300 கோடி ஆண்டைக் கடந்த சமவெளியில், 200 அல்லது 300 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட பள்ளங்கள் நிறைநிலையை அடைந்துவிட்டன. புதிதாக ஒன்று தோன்றும் வேகத்தில் பழையது ஒன்று அழிந்துகொண்டிருக்கிறது. இன்னும் 50 கோடி ஆண்டு கழித்து எண்ணினாலும் அதே எண்ணிக்கைதான் வரும். நீங்கள் அளந்த அந்த ஆழமற்ற பள்ளமே அழிவின் பாதி வழியில் நிற்பதுதான். உங்கள் உழைப்பு வீணில்லை. பள்ளங்கள் எப்படித் தேய்கின்றன என்பதற்கு அது நல்ல தரவு. வயதுக்கு மட்டும் உதவாது.

வயது வேண்டுமென்றால் பரப்பைப் பெருக்குங்கள். ஜப்பானின் ககுயா விண்கலம் எடுத்த, பிக்சலுக்கு 10 மீட்டர் தரும் படங்கள் உண்டு. ஒரே வகைக் குழம்பு பரவிய சமவெளியாகப் பார்த்து, எல்லையை முதலில் வரைந்து, அதற்குள் 500 மீட்டருக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணுங்கள். 100 பள்ளங்கள் கிடைத்தால் எண்ணிக்கையின் இயல்பான பிழையே 10 விழுக்காடு. 25 மட்டும் கிடைத்தால் 20 விழுக்காடு. அந்தப் பிழையை வயதோடு சேர்த்தே எழுதுங்கள்.

பிறைநோக்கி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சொன்னபடியே ககுயா படங்களில் சமவெளியின் எல்லையை வரைந்து, வரிசையாகக் கிடந்த இரண்டு கொத்துகளை ஒதுக்கிவிட்டு எண்ணினேன். 500 மீட்டருக்கு மேற்பட்டவை 87. ஒவ்வொன்றையும் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்தேன். விளிம்பு கூர்மையான பள்ளங்களில் இரண்டு அளவுகளும் 2 விழுக்காட்டுக்குள் ஒத்துவந்தன, மழுங்கியவற்றில் 7 விழுக்காடு வரை விலகின. மழுங்கிய பள்ளங்களில் என் இரண்டாம் அளவு ஏறக்குறைய எப்போதுமே பெரிதாக இருக்கிறது. வயதைக் கணக்கிடுவதற்கு முன், மழுங்கிய அந்த 31 பள்ளங்களை மட்டும் ஒளியைச் சாராத உயரத் தரவில் மீண்டும் அளக்கப் போகிறேன். லோலாவையும் ககுயாவையும் இணைத்துச் செய்த உயர வரைபடத்தில் ஒரு புள்ளிக்கு 60 மீட்டர் அளவு வருகிறது. 500 மீட்டர் பள்ளத்துக்குக் குறுக்கே எட்டுப் புள்ளிகள்தான். அது போதுமா?

கருங்கல்

விளிம்பைப் பிடிக்க எட்டுப் புள்ளிகள் போதா. படத்தின் மேல் உயரக்கோடுகளைப் படியவைத்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 800 மீட்டருக்கு மேற்பட்டவற்றிலிருந்து தொடங்குங்கள்.